வளைகாப்புக்கு வராதே

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் பள்ளியை விட்ட பிறகு முதல்முறையாகப் பேனா பிடித்திருக்கிறேன்.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறது, நீ அலையக் கூடாது என்று விழுப்புரத்து டாக்டர் சொன்ன பிறகும், வளைகாப்புக்கு உன்னைத் திண்டிவனம் அழைத்துவர அம்மா கார் பேசிவிட்டாள்.

“வாணாம்மா, வழியில ரத்தம் போச்சின்னா இன்னா பண்றது?” என்றேன்.

“ஊமைக்கு வாய் வந்துட்சிடி!” என்று அத்தை சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. கார்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வளையல்களைப் பையில் எடுத்து வைத்தாள். நாங்களே அங்கு வருகிறோம். படுத்தபடியே போட்டுக்கொள்.

ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மாமாவிடம் சொல். உன் மாமியார் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாதே. நம் வீட்டில் கூச்சப்பட நான் ஒருத்தி போதும்.

உன் தங்கை