மூன்று மடங்கு மெமரி

அக்டோபர் 12, இச்சோன்
சிப் ஆலைக்கு எதிரே இருக்கும் ஓட்டல். காலைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அத்தனை பேரும் என்னைப்போல மெமரி சிப் பிச்சை கேட்க வந்தவர்கள்தான். கார் கம்பெனிக்காரர், ஃப்ரிட்ஜ் கம்பெனிக்காரர், நடுவில் கரோக்கே பாட்டுப் பெட்டிக்காக நான். போன வருஷம் சிப் விற்கிற பியோ எங்கள் ஆபீஸ் வாசலில் தவம் கிடந்தார். இப்போது என் முறை. செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள், சிந்தியது எங்களுக்கு.

சிப் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் எங்கள் உற்பத்தி லைன் நிற்கும். லைனில் பெட்டி பூட்டும் சுன்-ஓக் அக்காவும் அவருக்குக் கீழே வேலை செய்யும் பெண்களும் சம்பளமில்லாமல் வீட்டில்.

அக்டோபர் 13
பியோ வரவில்லை. சூப் நன்றாக இருந்தது.

அக்டோபர் 15
பியோவைப் பிடித்துவிட்டேன். என்னைவிட இளையவனுக்கு, பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதையாக இரண்டு கையாலும் சோஜு சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். தேவைக்கு மூன்று மடங்கு கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறோம், அவர் மூன்றில் ஒன்றாக வெட்டுவார், கணக்கு சரியாகிவிடும். உண்மையைச் சொல்பவன் ஏமாளி.

"மேடம், நெஜமா எவ்வளவு வேணும்?"

"நெஜமாத்தான் சொல்றேன்."

"நீங்க கேக்கறதப் பாத்தா நாட்டுல கக்கூஸுக்குக் கூட ஒரு கரோக்கே வேணும்போல."

அடுத்த வருஷம் விலை இறங்குமா என்று கேட்டேன். தெரியாதாம். தெரிந்திருந்தால் என்னோடு உட்கார்ந்து பன்றி எலும்பை ஏன் உறிஞ்சப்போகிறார்?

அக்டோபர் 30
லைன் நின்றது. "நீ எப்படியும் வாங்கிடுவடி, உன் வாய் அப்படி," என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா.

நவம்பர் 9
வந்துவிட்டது! ஏதோ பெரிய கம்பெனி முன்பணம் கட்டவில்லையாம். அவர்கள் பங்கையும் சேர்த்து, நான் கேட்டதை வெட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டார் பியோ. மூன்று மடங்கு! பில்லைப் பார்த்து எங்கள் முதலாளி வெளுத்துப்போனார். பிறகு இன்றைய சந்தை விலையைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

நவம்பர் 11
பெட்டி செய்து விற்பதைவிடச் சிப்பை அப்படியே விற்றால் லாபமாம், முதலாளி சொல்கிறார். மிச்சத்தை மட்டும் விற்போம், நமக்கு வேண்டியதை வைத்துக்கொள்வோம் என்று மன்றாடினேன்.

"வெல ஏறிக்கிட்டே இருக்கு. இப்பப் போய் எவனாவது பெட்டி செய்வானா?"

செய்வான். போன மாதம் வரை நீதானே செய்தாய்? எனக்குப் பதவி உயர்வாம் — என்ன பதவி, தரகரா?

நவம்பர் 16
அக்கா போன் செய்தார். "சாமான் வந்துடுச்சாமே? புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நாளைக்கு வரட்டுமா?"

லைன் கூடத்தில் மேஜைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தம் அவர் காதில் விழாமல் இருக்கக் கதவைச் சாத்தினேன்.

"சொல்றேன் அக்கா."