ஒத்துப்போகாத கையெழுத்து

அன்புள்ள பெரியகுட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அம்மாவின் முழங்காலும் சமையலறைக் குழாயும் நீங்கலாக. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலுக்குட்டியும் சௌக்கியம்தானே. குளிரில் தொப்பி போடாமல் வெளியே ஓடுகிறாளாமே, ரொம்ப அதட்டாதே, அது என் வழியில் வந்த பிடிவாதம். குழாயை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரைக் கையில் எடுத்தேன், அதுவரை சொட்டிக்கொண்டிருந்தது, இப்போது ஒழுகுகிறது. அம்மா நேராகப் பிளம்பருக்குப் போன் போட்டாள், அவ்வளவுதான். சின்னவளுக்கு ஆஸ்பத்திரி வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி அவளும் என்னை மதிக்க மாட்டாள்.

போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய். சண்டைக் காலத்தில் உங்கள் ஆபீஸ் வழியாகத்தான் பிடிபட்ட ஆட்களை நட்பு நாட்டுப் படையின் முகாமுக்கு அனுப்பினார்களாமே, அங்கே சித்திரவதை நடந்ததாக விசாரணைக் கமிஷன் உட்கார்ந்திருக்கிறதே, உங்களுக்குத் தெரியுமா அப்பா என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்தவனுக்கு மகளின் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் துப்பில்லை, அதனால் எழுதுகிறேன்.

ராணுவ ஆபீஸில் அப்பாவுக்குப் பெரிய பொறுப்பு என்று உன் சிநேகிதிகளிடம் நீ பீற்றிக்கொண்டபோது நானும் மறுக்காமல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் கையெழுத்துப் பார்ப்பவன். நம் ஆட்கள் பிடித்தவர்களை விசாரணைக்காக அந்த முகாமுக்கு அனுப்புவார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். போகும்போது 'நலமாக இருக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து, விடுதலைக்கு முன் அதே வரிக்குக் கீழே இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால் நான் முத்திரை குத்துவேன், அது விழுந்தால்தான் ஆளை வெளியே விடுவார்கள். ஜன்னலோரம் மேஜை, கிரீச்சிடும் நாற்காலி, கையில் பூதக்கண்ணாடி. எனக்குக் கழுகுக்கண் என்று பட்டப்பெயர் வேறு. அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் இருந்தேன்.

ஒருநாள் கடைகளுக்குப் போர்டு எழுதும் ஒருவரின் தாள் வந்தது. போகும்போது அவர் போட்டிருந்த கையெழுத்து அத்தனை அழகு, பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதினெட்டு நாள் கழித்துத் திரும்பிய தாளில் கீழே வெறும் கைரேகை, அதுவும் பாதி. உன் அப்பா என்ன செய்தான் தெரியுமா, எழுதத் தெரிந்தவர் ரேகை வைத்தது விதிப்படி செல்லாது, கையெழுத்துப் பெற்று அனுப்பவும் என்று சிவப்பு மையில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். ஏமாற்றப் பார்க்கிறார்கள், என்னிடமா என்று நினைத்துக்கொண்டேன். நாலு நாள் கழித்துத் தாள் வந்தது. கையெழுத்து இருந்தது, எழுத்துகள் தாளெங்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தன. அதோடு குண்டூசியில் ஒரு துண்டுச் சீட்டு, முகாம் வாசலில் காவலிருந்த நம் சிப்பாய் எழுதியது. "சார், விரல் எல்லாம் நொறுங்கிக் கிடக்கு. இதுக்கு மேல வராது. தயவுசெஞ்சு முத்திரை குத்திடுங்க." குத்தினேன். அந்த நாலு நாள் அவர் அங்கே இருந்தது என் சிவப்பு மையால்தான்.

சீட்டை எடுத்துக்கொண்டு பெரிய ஆபீசரிடம் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏதோ புரட்சி செய்தேன் என்று நினைத்துவிடாதே, கதவருகில் நின்று கனைத்தேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கேட்டா தெரிஞ்சுடும். தெரிஞ்சா ஃபைல்ல எழுதணும். எழுதினா ஆளை அனுப்ப முடியாது. மேல யாரும் அதை விரும்பல." இவ்வளவுதான். சரி சார் என்று வந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் நாற்பத்தோரு பேர் போனார்கள். ரேகை வந்தாலும் கோணல் எழுத்து வந்தாலும் கேள்வி கேட்காமல் முத்திரை குத்தினேன், அதைக் கருணை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணிக்கை மட்டும் மறக்கவில்லை. உன் கேள்விக்குப் பதில் இதுதான் பெரியகுட்டி, எனக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற அந்த ஆபீசர் செவ்வாய்க்கிழமை ஒரு பை நிறையப் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். என்னையும் கமிஷன் கூப்பிட்டிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பழைய காகிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். வயதாகிவிட்டது, எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிடுங்கள், யாரும் துருவமாட்டார்கள் என்றார். நன்றாகத் தலையாட்டினேன், அதில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போனதும், உன் பழைய மார்க் ஷீட்டும் செத்துப்போன டார்ச்சின் கேரண்டி அட்டையும் கிடக்கும் என் பிஸ்கட் டப்பாவை அம்மா கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "உங்களுக்கு மூக்குக்கண்ணாடி வெச்ச இடம்தான் ஞாபகம் இருக்காது" என்றாள். சீட்டு அதில்தான் இருக்கிறது, குண்டூசி மட்டும் துருப்பிடித்துவிட்டது.

வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கமிஷன் முன்னால் போகிறேன். ஆபீஸ் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்காக என்மேல் வழக்குப் போடலாமாம், நான் செய்ததிலேயே உருப்படியான ஒரே காரியத்துக்கு. பேப்பரில் பெயர் வரும், மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள், நீ மறைக்க வேண்டாம். அந்தப் போர்டு எழுதுபவரும் அன்றைக்கு வருகிறாராம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்து அந்தச் சிவப்பு மை நான்தான் என்று சொல்ல வேண்டும், சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். வழக்கம்போலக் கனைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றால் அம்மாவே உனக்குப் போன் செய்வாள், லைன் நன்றாகக் கேட்கும்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வாலுக்குட்டிக்குத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிடு. ஹீட்டரை அணைக்காமல் தூங்காதே. இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன், கை நடுங்குகிறது, கீழே இருக்கும் கையெழுத்து என் பழைய கடிதங்களில் இருப்பதுபோல இருக்காது. ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா