கிட்டைக் கழற்றிய பிறகு

ஞாயிறு, பெப்ரவரி 1996

இவர் துவக்குச் சுடப் பழகும் ரேஞ்சுக்கு இன்றுதான் நானும் போனேன். பிஸ்டலில் ஒரு 'கிட்' பூட்டியிருந்தார். அதைப் பூட்டினால் சின்னத் தோட்டாவால் சுடலாமாம். நானும் சுட்டேன். சீனவெடிச் சத்தம்தான். அட்டையில் ஓட்டை விழ, சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினேன்.

பிறகு இவர் எதையோ கழற்றிப் பூட்டினார். துடைக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வெடியோடு நான் சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தேன். ஊரில் ஷெல்லடிக்குக் கிடந்ததுபோல, காது வெடிக்காமலிருக்க வாயைத் திறந்தபடி. விழுந்ததே தெரியவில்லை. மற்ற எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எழும்பும், பயப்பிடாதையும்," என்றார் இவர். "அதே துவக்குத்தான். கிட்டைக் கழட்டிப்போட்டுப் பெரிய தோட்டா போட்டனான்."

"சின்னத் துவக்கெண்டு சொல்லித்தானே வீட்டை கொண்டுவந்தனீங்கள்?"

"மாத்த ஒரு நிமிசம் காணும்," என்றார், பெருமையாக.

இப்போது அது பேஸ்மென்டில், பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. அதற்கு நேர் மேல் அறையில் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து நான் சுட்டதும் அந்தத் துவக்கால்தான்.