கஸ்தோனின் கலர் தெரியாத டெக்கு

9 பிப்ரவரி 1984

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எங்கள் தெருக் கஸ்தோன் பிரான்சிலிருந்து பென்ஷனோடு வந்துவிட்டான். கூடவே ஒரு வீடியோ டெக்கு, தலைமாட்டுப் பெட்டி அளவுக்கு ஒரு டிவி. வீட்டுக் கூடத்திலேயே டிக்கெட் போட்டு சினிமா காட்டப்போகிறானாம். என் கொட்டகைக்கு நாலு வீடு தள்ளி! ஆபரேட்டர் ராஜாங்கம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சொன்னான். போய் வேலையைப் பார் என்று விரட்டினேன். என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகு இந்தக் கொட்டகையை நான்தான் தனியாளாக ஓட்டுகிறேன். ஒரு டிவிக்கா பயப்படுவேன்?

12 பிப்ரவரி

சிரித்து வயிறு வலிக்கிறது. கஸ்தோன் டெக்கில் கலரே வரவில்லையாம்! சிங்கப்பூர் கேசட்டின் கலர் பிரான்சு டெக்குக்குப் பிடிபடாதாம், அந்த ஊர் முறையே வேறாம். கடல் தாண்டித் தூக்கிவந்தானே, வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்க வாயில்லையா? பிரான்சு சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவார்கள். பட்டாளத்துக்குப் போய்வந்த இந்த ஊர் சொல்தாக்களுக்கே உள்ள வியாதி. நம்மிடம் அகலத் திரை, அசல் கலர். பிழைத்தோம்.

3 மார்ச்

கலர் இல்லாமலும் போகிறார்கள். என்ன ஜனமோ.

20 மார்ச்

விநியோகஸ்தரைப் பார்க்கக் கடலூர் போய்வந்தேன். புதுப்படம் பெரிய தியேட்டர்களில் ஓடித் தேய்ந்து, மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிறகுதான் என்னிடம் வருகிறது. அதே படம் சிங்கப்பூர் போய், கேசட்டாகத் திரும்பி, கஸ்தோன் வீட்டில் முதல் வாரமே ஓடுகிறது. இது என்ன நியாயம் என்று கேட்டேன். வெளிநாட்டு வீடியோ உரிமையை விற்றால்தான் தயாரிப்பாளரே தலைதூக்க முடிகிறதாம். “ஊர் பூரா இப்படித்தாம்மா. கொட்டாயெல்லாம் இனிமே மண்டபமும் குடோனுந்தான்” என்றான். என் முகத்துக்கு நேரே! அவன் கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்துவந்தேன்.

6 மே

அப்படி என்னதான் காட்டுகிறான் என்று வேவு பார்க்கப் போனேன். கூடத்தில் பாய் விரித்திருக்கிறது. கஸ்தோன் பெண்டாட்டி கொலெத் தலையணை வேறு கொடுக்கிறாள். பாதிப் படத்தில் ஒருத்தி உலையை இறக்கி வைக்க வீட்டுக்கு ஓடினாள். அவள் திரும்பும்வரை படத்தை நிறுத்திவிட்டான்! நிறுத்தினால் அது சினிமாவா? என் கொட்டகையில் ரீல் அறுந்தாலே நாற்காலியைப் பிய்ப்பார்கள்.

பாயின் நடுவில் யார் என்று பார்த்தால், வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற குஞ்சம்மாள். என் கொட்டகையில் முதல் நாள் மேட்னியை ஒருநாளும் விடாதவள். நீயுமா என்றேன்.

“கோச்சுக்காதம்மா. ஒங் கொட்டாயில வாடை அடிக்குதுன்னு என்னைக் கக்கூஸ் செவுத்தோரமாத்தான குந்த வெக்கிறாங்க. அங்க கலர் இருந்துது, எனக்குப் பாதித் திரைதான் தெரிஞ்சிது. இங்க நடுவுல குந்தியிருக்கேன்.”

வீட்டுக்கு வந்தேன். எந்தக் கொட்டகையில்தான் அப்படி இல்லை? நான் மட்டுமா வைத்தேன்? மற்ற ஜனங்க மூக்கப் புடிச்சிக்கிட்டு எழுந்து போனா நான் என்ன பண்றது — பெரிய ராணி இவ!

7 மே

குஞ்சம்மாள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ராஜாங்கத்திடம் சொன்னேன். “வந்தா உக்காரட்டும்மா” என்றான்.

18 ஆகஸ்ட்

வீராம்பட்டினம் தேருக்கு வந்த கூட்டம் எப்போதும் இரண்டாம் ஆட்டத்துக்கு என் வாசலில்தான் நிற்கும். இந்த வருஷம் கஸ்தோன் வீட்டுத் திண்ணை வரை ஆள். என் கொட்டகையில் ராஜாங்கம், நான், ஒரு குடிகாரன். குடிகாரனும் தூங்கிவிட்டான்.

2 டிசம்பர்

கொட்டகையை உரக் குடோனுக்கு விட்டாயிற்று. திரையைக் கழற்றும்போது நான் அங்கே இல்லை. இருக்க முடியவில்லை. குடோன் என்று அன்றைக்கே சொன்ன அந்தக் கடலூர்க்காரன் வாயில் புற்று வைக்க.

20 ஜனவரி 1985

கஸ்தோன் வீட்டுக்குப் போனேன். சும்மாதான், பொழுது போகவேண்டுமே. இன்னும் அதே டெக்கு, அதே கறுப்பு வெள்ளை. வெட்கமே இல்லாத மனுஷன். பாயில் உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது. படம் ஆரம்பித்துவிட்டது. குஞ்சம்மாளைக் காணோம். மீன் இன்னும் விற்று முடியவில்லையாம்.

“கஸ்தோன், அத நிறுத்து. அவ வரட்டும்” என்றேன்.

நிறுத்தினான். குஞ்சம்மாள் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். நான் நகர்ந்து என் பக்கத்தில் இடம் விட்டேன். வாடை அடிக்கத்தான் செய்தது.