கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறவர்

ஆனி 23, திங்கள்

காது கேட்காத என் தம்பி மகள் செல்விக்குக் கல்லூரியில் அநியாயம் செய்கிறார்கள். ஆசிரியர்களின் உதட்டைப் பார்த்தே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் அவள். இங்கே பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துகிறார். இன்று வகுப்புக்கே போய் அவரிடம் கேட்டேன்.

“ஒருத்திக்காக நான் திரும்பி நிக்கணுமா ஆச்சி? இது பள்ளிக்கூடம் இல்ல” என்றார்.

“அப்பம் அவ உங்க முதுகையா சார் படிப்பா?” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில், “தீப்பெட்டி ஆபீஸுக்கே வேலைக்குப் போறேன் அத்தை. அங்கன யார் வாயையும் பாக்க வேண்டாம்” என்றாள். அதுதான் தூங்க விடவில்லை.

அவர் திரும்பி நின்று பேச வேண்டும். முதல்வர் அதை அவரிடம் சொல்ல வேண்டும். தம்பி இவளை வேலைக்கு அனுப்பக் கூடாது. செல்வி நாளை பஸ் ஏற வேண்டும். ஏறாவிட்டால், அவர் திரும்பும்வரை முன்பெஞ்சில் நான் உட்கார வேண்டும்.