இடது ஊசி

சார்,

இன்று சேலத்திலிருந்து திரும்பும்போது பஸ் ஆட்டையாம்பட்டியில் நின்றது. ஜன்னல் வழியாக, தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் வாடை வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உங்கள் நினைவு வந்தது. நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆன பிறகும் நான் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்குவதை உங்களால் கெடுக்க முடிகிறது. உங்கள்மேல் எனக்குள்ள புகார்களில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் புகார் உங்களுக்குத் தெரியும். நம் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவர் பதவி காலியானது. ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த உங்களுக்கு அது வேண்டாம். யாரைப் போடலாம் என்று நிர்வாகம் உங்களிடம் கேட்டது. முனைவர் பட்டமும் இருபது வருட அனுபவமும் உள்ள நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைவிடப் பத்து வயது இளையவர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தீர்கள்.

மறுநாளே நம் மேசைகளுக்கு நடுவே ஓர் இரும்பு அலமாரியை இழுத்துப் போட்டேன். மின்விசிறிக் காற்று உங்கள் பக்கம் வராமல் போனது தற்செயல் என்று எல்லோரிடமும் சொன்னேன். தற்செயல் இல்லை. உங்கள் பிரிவு உபசார விழாவுக்கும் வரவில்லை. விடைத்தாள் திருத்துவதாகச் சொல்லி அனுப்பினேன். அந்த மாதம் தேர்வே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அதன்பின் நான்கு வருடம் பேச்சில்லை. உங்களுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அப்போதும் நான் வரவில்லை. பிறகு ஒரு நாள் நீங்களே போன் செய்தீர்கள்.

“சார், ஒருக்கா ஊட்டுக்கு வாரீங்களா? உங்களால ஒரு காரியம் ஆவோணும்.”

உங்கள் வீட்டுக்குப் பரமத்தி வேலூர் பஸ்ஸில் வரும்போது எனக்குள் ஒரு கொண்டாட்டம். நோயில் விழுந்த மனிதர், மனச்சாட்சி உறுத்துகிறது, மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்ற ஒரே வார்த்தையைக் கேட்கத்தான் வந்தேன். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலையும் தயாரித்திருந்தேன். பெருந்தன்மையாகத் தொடங்கி, நடுவில் நன்றாகக் குத்தி, மீண்டும் பெருந்தன்மையாக முடியும் பதில்.

நீங்கள் என் கையில் ஒரு பின்னல் ஊசியைக் கொடுத்தீர்கள்.

கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். நீங்கள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினீர்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பருத்தி நூலில் பாத்திரம் கழுவும் துணி பின்னிக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் வளையங்களாக முப்பது கண்ணிகள். எல்லா வரிசையும் ஒரே மாதிரி. சதுரமாக வந்ததும் முடித்துவிடலாம். ஒரு மாலைப் பொழுது போதும் என்று அவர் சிரித்தார். அவருக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன.

உங்கள் திட்டம் எளிமையானது. கண்ணிகள் உள்ள இடது ஊசியை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் வலது ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, புதுக் கண்ணியை இழுப்பீர்கள். பழையதை நான் நழுவவிட வேண்டும். இதற்கு ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

“எம்பட ஊட்டுக்காரி அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சுப் போயிர்றா. உங்களுக்குத்தான் சார், ஒண்ணப் புடிச்சா வுடாத கொணம்.”

பாராட்டா, குத்தலா என்று பஸ் ஏறும்வரை யோசித்தேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் வந்தேன். இன்னும் அந்த வார்த்தை வரவில்லையே.

ஒரே சோபாவில், தோளோடு தோள் ஒட்டி, இரண்டு இயற்பியல் பேராசிரியர்கள் ஒரு துணியைப் பின்னினோம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஊசிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் முறை மாற்றியபோது காப்பி கொண்டுவந்த உங்கள் வீட்டம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். “மால மாத்தறாப்பல இருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்ச் சிரித்தார். நமக்குக் கேட்கும்படியாகத்தான் சிரித்தார்.

ஒரு மாலை வேலைக்கு நமக்குப் பதினொரு சனிக்கிழமை ஆனது. நூலில்தான் கோட்டைவிட்டோம். ஆட்டையாம்பட்டியில் தறி போட்டிருக்கும் உங்கள் மைத்துனர் அனுப்பிய மெல்லிய நூலை எட்டு இழை சேர்த்துச் சுற்றியிருந்தீர்கள். மொடமொடவென்று விறைப்பாக, பிடிக்க வாகாக இருந்தது. தறிக்காரர் வீட்டில் பெண் எடுத்த உங்களுக்கும், இயற்பியலில் முனைவரான எனக்கும், அந்த விறைப்பு எதனால் என்று தோன்றவே இல்லை. அது கஞ்சி போட்ட பாவு நூல்.

உங்கள் வீட்டம்மா அந்தத் துணியை நனைத்து நான்கு பாத்திரங்களைத் தேய்த்தார். எல்லாம் வெள்ளையாய்ப் பிசுபிசுத்தன. துணியோ தொளதொளவென்று தொங்கியது.

“ஏனத்துக்கெல்லாம் கஞ்சி போட்டுட்டீங்க,” என்றார் அவர். “இஸ்திரி போடறதுதான் பாக்கி.”

நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. நானும் சிரித்தேன். நான்கு வருடக் கோபத்துக்கு நடுவில் சிரித்ததற்காக அன்று முழுவதும் என்மேல் எனக்கே எரிச்சல்.

இரண்டாவது துணியைக் தறியில் குறுக்கே ஓடும், கஞ்சி போடாத ஊடை நூலில் தொடங்கினோம். அது பாதி வளர்ந்தபோது என் பொறுமை தீர்ந்தது. ஒரு வரிசையின் நடுவில் நேராகவே கேட்டேன். என் பெயரை ஏன் எழுதவில்லை? நீங்கள் செய்தது தப்புத்தானே?

உங்கள் ஊசி நிற்கவில்லை. “தப்பில்லீங்க,” என்றீர்கள். “நீங்க தலைவரா வந்திருந்தா மத்த ஆறு பேரும் வேற காலேஜ் பாத்திருப்பாங்க. ஒரு பய லேட்டா வந்தான்னு மூணு வருசம் பேசாம இருந்தவரு நீங்க.”

எழுந்து போயிருக்க வேண்டும். போவதற்கான வாக்கியம்கூட நாக்கில் இருந்தது. ஆனால் இடது ஊசியில் பதினேழு கண்ணிகள் இருந்தன. நான் எழுந்தால் அத்தனையும் கழன்று ஓடும். வரிசை முடியட்டும், போய்விடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரிசை முடிந்தது. ஊசியை மாற்றினீர்கள். முப்பது கண்ணிகளும் மறுபடி என் கையில்.

அப்போதுதான் புரிந்தது. இந்த வேலையில் காலி ஊசி எனக்கு மிஞ்சவே மிஞ்சாது.

அடுத்த வரிசையையும் பின்னி முடித்தோம். அதற்கடுத்த வரிசையின் தொடக்கத்தில், தலையைத் தூக்காமலே சொன்னீர்கள்:

“எழுதறதுக்கு முன்னால உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். பயந்துக்கிட்டுச் சொல்லாம வுட்டுட்டனுங்க. அது தப்புத்தான் சார்.”

நான் தயாரித்து வைத்திருந்த பதில் முழுத் தப்புக்கானது. இது பாதித் தப்பு. “நூல் முறுக்கிக்கிச்சு, பாருங்க,” என்று மட்டும் சொன்னேன்.

அந்தத் துணி நன்றாகவே வந்தது. உங்கள் வீட்டம்மா இன்னும் அதில்தான் பாத்திரம் கழுவுகிறார். மூன்றாவதற்கு நூல் சுற்றி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, சார். என் பெயரை எழுதியிருக்கலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் போன வாரத் துறைக் கூட்டத்தில் ஒன்று நடந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த இளைய தலைவர் கால அட்டவணையைப் பற்றி ஏதோ சொன்னார். வழக்கம்போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கம்போல எழுந்து வெளியேறப் போனேன். குனிந்து பார்த்தால், மேசைக்கு அடியில் என் இடது கை எதையோ பிடித்திருப்பதுபோல இறுக மூடியிருந்தது. எழ முடியவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நான் சம்மதித்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பழியும் உங்களுக்குத்தான்.