பென்டிரைவுக்கு எண்ணெய் விட்ட கதை

பழனியாண்டவர் துணை
அட்டுவம்பட்டி

அன்பு மகள் சுதாராணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் அவ்வளவு சுகமில்லை, நீ விட்டுப்போன லேப்டாப் பாதி சுகம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் முழுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் திட்டுவாய், கடுதாசி என்றால் நீ திட்டுவது எனக்குக் கேட்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா கருமாதிக்கு வந்தபோது அவர் பேசுகிற வீடியோ எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றி பீரோவில் வைத்துவிட்டுப் போனாயே, பிறகு உன் போனும் தண்ணீரில் விழுந்து போய்விட்டது, இனி இது ஒன்றுதான் இருக்கிறது, பத்திரம் என்றாய். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். போன வாரம் விடாத மழை, சோலியும் இல்லை, வீடு சத்தமே இல்லாமல் கெடந்தது, அப்பா குரலைக் கேட்கலாமே என்று நானே சொருகப் பார்த்தேன். லேப்டாப் ஓரத்தில் நாலைந்து ஓட்டை, எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. ஒன்றில் நுழைந்தது, ஆனால் லொடலொட என்றது. பக்கத்து வீட்டு தேவகுமாரியைக் கூப்பிட்டேன். மகன் என்ஜினீயரிங் படிக்கிற தைரியத்தில் அவள், இன்னும் உள்ள போகணுங்கக்கா, நல்லா அழுத்துங்க என்றாள். அழுத்தினேன். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கையில் வளையல் இறுகிக்கொண்டால் எண்ணெய் விடுவோமே, அந்த ஞாபகத்தில் தேங்காய் எண்ணெய் எடுத்தேன், குளிரில் உறைந்து கெடந்தது, அடுப்பில் காட்டி உருக்கி நாலு சொட்டு விட்டேன்.

பிறகுதான் பயம் பிடித்தது. மனுஷன்தான் போனார், இப்போது குரலையும் நானே கொன்றுவிட்டேனோ என்று இருந்தது. லேப்டாப்பைக் கைப்பிள்ளை மாதிரி துண்டில் சுற்றிக்கொண்டு மூஞ்சிக்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குமரகுருவிடம் இரண்டு பேரும் ஓடினோம். அவர் பார்த்துவிட்டு, அம்மா இது நெட் வயர் சொருகுற ஓட்டை, உள்ள பல்லெல்லாம் வளைஞ்சு போச்சு, அதென்ன தாளிச்ச வாசம் வருது என்று கேட்டார். நான் துண்டை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன், தேவகுமாரி சொல்லிவிட்டாள். பென்டிரைவை மெதுவாகப் பிடுங்கி, துடைத்துக் காயவைத்து, தன் கம்ப்யூட்டரில் போட்டார். நான் பழனி மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டே நின்றேன். முதலில் வந்தது நான் மிக்சி ஜாரை மாட்டும்போது நீ எடுத்த வீடியோ. அப்பா சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"ஏ புள்ள, அழுத்தாத. அதுக்குன்னு ஒரு வாட்டம் இருக்கு, பாத்து வையி. முட்டுனா ஒடஞ்சுதான் போகும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் ராணி. அப்பா போனபிறகு அப்படிச் சிரித்ததில்லை, சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுகையாகிவிட்டது, தேவகுமாரி தன் முந்தானையைக் கொடுத்தாள்.

நெட் ஓட்டை இனி உதவாதாம், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. சரியான ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டேன், அப்பா போனதிலிருந்து அந்த அட்டை சும்மாதான் கெடந்தது, இப்போது உன் லேப்டாப் என்னைவிட லட்சணமாக இருக்கிறது. வீடியோவை எல்லாம் உனக்கும் அனுப்பும்படி குமரகுருவிடம் சொல்லியிருக்கிறேன், வந்ததும் இரண்டு இடத்தில் ஏற்றி வை. எண்ணெய் விஷயத்தை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். என்னை நினைத்துக் கவலைப்படாதே, தினமும் வெள்ளனே அப்பாவிடம் ஒரு தடவை திட்டு வாங்கிவிட்டுத்தான் மிக்சியைத் தொடுகிறேன்.

முருகன் உங்கள் இரண்டு பேரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா
சே. கந்தம்மாள்